கானோ துரை

அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதுதான் இன்றும் சுடுகிறது.

சுங்கை லாலாங் பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் பீல்டு சூப்பர்வைசர். பாப்பம்மா அக்கா மரம் மரமாக நடந்து நோய்க் கணக்கு எடுப்பவர். அடிமரத்தில் காளானைக் கண்டால் சிவப்புப் பெயிண்டில் குறி போட்டு, நோட்டில் அந்தக் காளானின் அறிவியல் பெயரை எழுத வேண்டும். கனோடெர்மா. ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. மூன்று வருடத்துக்கு முன் நான் வேலைக்கு வந்தபோதுதான் பெயரையும் எழுதச் சொன்னார்கள்; நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டே நாளில் ஜி, ஏ, என், ஓ என்று தடுமாறாமல் ஒப்பித்தார். உச்சரிப்பும் சுத்தம். மூன்றாம் நாள் கேட்டார்.

“அப்படின்னா என்னா அர்த்தம் தம்பி?”

எனக்குத் தெரியாது. கையில் போன் இருந்தது, பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் டிப்ளோமா படித்த பெரிய மனுஷன் நான், ஐந்தாம் வகுப்பு படித்தவரிடம் தெரியாது என்று சொல்வேனா?

“கானோன்னு ஒரு வெள்ளக்கார தொர, அக்கா. அவருதான் கண்டுபிடிச்சாரு.”

அக்கா அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

கணக்கெடுக்கும் குழுவை மேற்பார்க்க ஒரு மண்டோரைப் போடுவதற்காகத் தலைமை அலுவலகத்திலிருந்து ஹாரிஸ் வந்தார். அலோர் ஸ்டார்க்காரர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். இருபத்திரண்டு வருடம் நடந்த அக்காவுக்குத்தான் அந்த வேலை என்று தோட்டமே பேசிக்கொண்டது. மண்டோர் ஆகிவிட்டால் முட்டிவலியோடு வரிசை வரிசையாக நடக்க வேண்டாம். அன்று காலை எல்லோரும் பெயர் கொடுக்க நிற்கும் பிரட்டுக்கு அக்கா தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஹாரிஸ் கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் வந்தது. அவர் அசந்துபோனார். அந்தப் பூரிப்பில் அக்கா, கேட்காததையும் சொன்னார்.

“கானோ தொரதான் இத கண்டுபிடிச்சாரு, துவான்.”

ஹாரிஸின் முகம் மாறியது. “அப்படி ஒரு தொர கெடையாதும்மா. அது கிரேக்கச் சொல்லு. கனோஸ்னா பளபளப்பு, டெர்மான்னா தோலு. யாரு சொன்னா இத?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

“யாரும் சொல்லல துவான். நானா எழுதிக்கிட்டேன்.”

“தெரியாதத தெரியாதுன்னு சொல்லணும் லா. இப்படி நீங்களா எழுதுனா, கணக்க எப்படி நம்புறது?”

பிரட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கங்கெட்டவன், வேறென்ன சொல்ல? மண்டோர் வேலை குழுவிலிருந்த பக்கிரிசாமிக்குப் போனது.

மறுநாள் அக்காவைத் தேடிப் போனேன். ஒரு மரத்தடியில் குனிந்திருந்தார்.

“அக்கா, ஹாரிஸுக்கு போன் பண்ணி நான்தான் சொன்னேன்னு சொல்லிடறேன்.”

“வேலதான் குடுத்தாச்சே. இப்ப சொல்லி?”

காளான் மேல் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார். அரக்குப் பூசியதுபோல மின்னியது.

“பளபளன்னுதான் இருக்கு. இத்தன வருஷமா தெனமும் பாக்குறேன். இதப் பாத்தாலே தெரியுதே, ஒங்களப் போயி கேட்டேன் பாருங்க, சார்.”

மூன்று வருடத்தில் அக்கா என்னை சார் என்று கூப்பிட்டதே இல்லை. பெயிண்ட் டின்னை எடுத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி அடுத்த மரத்துக்கு நடந்தார்.