கயிற்றுக்குள் கால் வைத்தவர்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிற்றிலிருந்து கிடைத்தது. என் தங்கை ஆரம்பப் பள்ளியில் நாடக டீச்சர். மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டு, கயிற்றைத் தரையில் வட்டமாகப் போடுவாள். ஒரே விதிதான்: கயிற்றுக்குள் கால் வைத்தவர் யாராக இருந்தாலும் நாடகத்தில் ஒரு பாத்திரம். இதைக் கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: வாயே திறக்காத ஒரு சிறுமி அன்று மேடையில்

[வேண்டாம். அந்தச் சிறுமியை எல்லோரும் எழுதியாயிற்று. அவளுக்கும் ஓய்வு வேண்டாமா?]

தங்கையின் வகுப்பில் இருப்பவள் அதற்கு நேர் எதிர். ஏழு வயது, பட்டப்பெயர் லொடலொடா. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை அவளைக் காத்திருக்க வைப்பதற்குள் தங்கைக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

3

அன்று ஆஸ்பத்திரி நாடகம். லொடலொடாதான் டாக்டர். தலைமை ஆசிரியை வேகமாக உள்ளே வந்தார். கயிற்றைக் கவனிக்காமல் அதற்குள் கால் வைத்துவிட்டார்.

"நாளையிலேருந்து நாடக வகுப்பு கிடையாது டீச்சர். அந்த நேரத்துல கணக்கு எடுக்கப் போறோம்."

தங்கை கையிலிருந்த வருகைப் பதிவேட்டை மூடினாள். [இங்கே அவளை அழவிடப் பார்த்தேன். மறுத்துவிட்டாள்.] பிள்ளைகளுக்கோ ஒரு சந்தேகமும் இல்லை. கயிற்றுக்குள் நிற்கிறார், அப்படியானால் நோயாளி. ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கம்மா," என்றாள் லொடலொடா. "எங்க வலிக்குது?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். [இந்த வரியை எழுதியதும் நான் எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.]

தலைமை ஆசிரியை அந்தக் குட்டி நாற்காலியில் எப்படியோ உட்கார்ந்தார்.

"தலைதான்," என்றார் மெதுவாக. "காலையிலேருந்து ஆளாளுக்கு வந்து ஏதாவது சொல்லிட்டுப் போறாங்க. யாருமே இப்படிக் கேக்கல."

"ம்," என்றாள் டாக்டர். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

4

முடிவு ஒன்று: வகுப்பு பிழைக்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். எழுதிப் பார்த்தேன், தித்திப்பு தாங்கவில்லை.

முடிவு இரண்டு: அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நாளைக்குக் கணக்குதான்" என்று

[கை ஓடவில்லை.]

ஆகவே அவரை இன்னும் உட்காரவைத்திருக்கிறேன். வெளியே போகுமுன் அவர் ஒரு வசனம் சொல்லியாக வேண்டும். அந்த வசனத்தை நான் எழுதமாட்டேன். முதல் வரியிலேயே கயிற்றைப் போட்டுவிட்டேன். தாண்டி உள்ளே வந்தது நீங்கள். இப்போது அந்தக் குட்டி நாற்காலியில் இருப்பதும் நீங்கள்தான்.

லொடலொடா வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறாள். சீக்கிரம் சொல்லுங்கள், அவளால் அதிக நேரம் முடியாது.