எதிர் முனை

விடியும் முன்பே சலவை ஆலையில் நீராவி ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த விரிப்புகள், துவைத்த ஈரத்தோடு தள்ளுவண்டியில் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் உதறி, ஆளுக்கொரு முனையாக இழுத்துப் பிடித்து, கொதிக்கும் உருளைக்குள் விட வேண்டும். ஒரு முனையில் சிடுமூஞ்சி. எதிர் முனையில் முணுமுணுப்பு. ஆலை வைத்த பெயர்கள், இரண்டுமே பொருத்தம்தான்.

மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. முணுமுணுப்பு நாள் முழுக்க எதையாவது வேண்டிக்கொண்டே இருப்பாள். பத்து மணி ஓய்வில் உலர்த்தும் அறைக்குப் பின்னால் ஏழெட்டுப் பேரைக் கூட்டி வைத்தும் வேண்டுவாள். அவரவர் சாமி அவரவருக்கு. ஒரே ஒரு விதி: தன் கஷ்டத்தைச் சொல்லக் கூடாது, இடப்பக்கம் நிற்பவரிடம் கேட்டு, அவருடையதைத்தான் சொல்ல வேண்டும். "கூப்புற கையால மெஷினை நிறுத்துங்கடி, எல்லாம் சரியாகும்" என்பாள் சிடுமூஞ்சி. அதில் தொடங்கியதுதான் சண்டை.

அன்று ஐந்தரை மணிக்கு ஒரு விரிப்பு மடங்கிச் சிக்கியது. சரிசெய்யப் போன முணுமுணுப்பின் வலக்கையை உருளை உள்ளே இழுத்தது. சிடுமூஞ்சி பாய்ந்து விசையை அணைத்தாள். அதற்குள் கை மணிக்கட்டுவரை வெந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோன வண்டி திரும்பும் முன்பே முதலாளி சிடுமூஞ்சியைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள் தயாராக இருந்தது.

"கண்ண மூடி வேண்டிக்கிட்டே கைய விட்டுட்டா. நீதானே பாத்தே? கையெழுத்துப் போடு."

"தடுப்புக் கம்பி இருந்திருந்தா கை உள்ள போயிருக்காது முதலாளி."

"கம்பி ரிப்பேருக்குப் போயிருக்கு. அதை விடு. உனக்கும் அவளுக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். அவளுக்காக உன் பொழப்பைக் கெடுத்துக்கப் போறியா? மத்தியானத்துக்குள்ள போடு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

அவளுடைய கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் வைத்தியம் ஆலையின் பொறுப்பில்லை. வெந்த கையோடு வேலையும் போய்விடும். இது முதலாளிக்கும் தெரியும், சிடுமூஞ்சிக்கும் தெரியும். தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பத்து மணிக்கு அவள் உலர்த்தும் அறைக்குப் பின்னால் போனது வேண்டுவதற்கல்ல, திட்டுவதற்கு.

"எங்கே போச்சு உங்க சாமியெல்லாம்? வெந்த கைய வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னுச்சா?"

யாரும் கோபிக்கவில்லை. விரிப்பு மடிக்கிற குண்டக்கா நகர்ந்து இடம் விட்டாள். "திட்டறதை இங்கே நின்னு திட்டு. அவ நிக்கிற இடம்தான்."

நின்றாள். குண்டக்கா அவள் காதருகே குனிந்தாள். "உன் கஷ்டம் என்னடி?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யார் கேட்டிருக்கிறார்கள்? சொல்லிவிட்டாள். குண்டக்கா கண்ணை மூடி உரக்கச் சொன்னாள்: "இவளைப் பொய் எழுதச் சொல்றாங்க. எழுதலேன்னா வேலை போயிடும். இவ பயப்படறா. இவளுக்குத் துணையா இரு." பிறகு கண்ணைத் திறந்து, "உனக்காக வேண்டறது புதுசில்ல. அவ தினமும் சொல்லுவா. உன்கிட்ட கேக்க முடியாதே, விரிப்பைப் பாத்துச் சொல்லுவா. 'எதிர் முனை தாழுது, அவளுக்கு இன்னிக்கும் முட்டி வலி'ம்பா" என்றாள்.

மூன்று வருஷம்! சிடுமூஞ்சி ஒருநாளாவது எதிர் முனையைப் பார்த்ததுண்டா?

இடப்பக்கம் மெக்கானிக் நின்றிருந்தார். அவரிடம் கேட்பது அவள் முறை. "உங்க கஷ்டம் என்னண்ணே?"

அவர் தரையைப் பார்த்தார். அவள் காதில் முணுமுணுத்தார். கேட்டதும் அவளுக்கு அறையலாம் போலிருந்தது. ஆனால் விதி விதிதான். எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியாமல், நின்றவர்களைப் பார்த்தே சொன்னாள்.

"கம்பியை இவர்தான் கழட்டினாராம். அது இருந்தா வேலை மந்தமாகுதுன்னு முதலாளி கழட்டச் சொன்னாராம். ரிப்பேருக்கெல்லாம் போகல. அவர் ரூம் அலமாரிக்குள்ள இருக்கு. இவர் ஒரு மாசமா சரியாத் தூங்கல."

"அப்ப வேண்டினது போதும், வாங்க" என்றாள் குண்டக்கா.

ஓய்வு முடிந்து மணி அடித்தும் உருளை ஓடவில்லை. பத்து மணிக்கு எட்டுப் பேராக இருந்தவர்கள், துவைக்கிற பகுதியும் சேர்ந்து, முப்பது பேராக அதைச் சுற்றி நின்றார்கள். முதலாளி இறங்கி வந்தார்.

"வேண்டுதல் முடிஞ்சுதுன்னா வேலையப் பாருங்க!"

"இன்னும் முடியல" என்றார் மெக்கானிக்.

"கேட்டுக்கு வெளியே வேலைக்கு நூறு பேர் நிக்கிறான். தெரியுமில்ல?"

"அவங்களுக்கும் கை இருக்குமே முதலாளி" என்றாள் குண்டக்கா.

"எல்லாரையும் துரத்துவேன்! ஏய், நீ அங்க என்ன முணுமுணுக்கறே?"

சிடுமூஞ்சி தலை நிமிர்ந்தாள். கையெழுத்தில்லாத தாளை மடித்து அவர் கையில் வைத்தாள்.

"உங்ககிட்டதான் கேக்கறேன். சத்தமாவே கேக்கறேன். கம்பியை மாட்டுங்க. அவ வைத்தியத்தைப் பாருங்க. அவ கை ஆறி வர்ற வரைக்கும் அந்த முனை அவளுக்குத்தான்."

அவர் தாளைக் கசக்கினார். போலீசைக் கூப்பிடுவேன் என்று கத்திக்கொண்டே மாடியேறினார். கூப்பிடவும் கூடும். உருளை மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. சிடுமூஞ்சியின் முட்டி வலிப்பதைப் பார்த்து யாரோ ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டார்கள். அவள் அதில் உட்கார்ந்து, எதிர் முனையைப் பார்த்தாள்.