ஹைட்ரஜனுக்கு விழுந்த அடி

1958-ஆம் வருஷத்து ஆனிச் சாரலில், குற்றாலம் பேரருவியின் அடியில், ஒரு நட்சத்திரத்தை முன்னிட்டு செல்லப்பாவின் மூக்கு உடைந்தது. உடைத்தவன் பால்வண்ணநாதன். இருவரும் எம்.எஸ்ஸி. இயற்பியல்.

சென்னையில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர ஒரே ஓர் இடம் காலி. யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கப் பேராசிரியர் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, சீசனுக்கு வந்து லாட்ஜில் தங்கியிருந்தார். பத்தாயிரம் டிகிரியில் கொதிக்கும் நட்சத்திரத்தின் மேற்பரப்பில், நூறு ஹைட்ரஜன் அணுக்களில் எத்தனை தங்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும்? சாயங்காலம் அவர் முன்னால் போட்டுக்காட்ட வேண்டும்.

"கிட்டத்தட்ட நூறும்லே," என்றான் பால்வண்ணநாதன், உடம்பெல்லாம் எண்ணெய் வழிய. "அம்புட்டுச் சூட்டுல எலக்ட்ரான் ஒட்டிக்கிட்டா இருக்கும்?"

"எழுபதுதாம்லே. ஒனக்கு டிகிரி குடுத்தவன அருவியில முக்கணும்."

மூக்கு உடைந்தது இந்த இடத்தில்தான். செல்லப்பா தலையால் முட்டினான். பால்வண்ணநாதனின் முன்பல் அருவியோடு போயிற்று. எண்ணெய் உடம்பு பிடித்த இடமெல்லாம் வழுக்கியதால், வழுக்காத உறுப்புகளைத் தேடினார்கள். ஒருவனுக்குக் காது கிடைத்தது. மற்றவனுக்கு விரல். செல்லப்பாவின் வலக்கைக் கட்டைவிரல் மளுக்கென்றது.

அவன் விட்ட உதையில் பால்வண்ணநாதன் அருவியை விட்டே வெளியேறியிருக்க வேண்டும். சீசன் கூட்டம் விடவில்லை. சுரண்டை வியாபாரி ஒருவரின் தொந்தியில் மோதினான், அவர் அறைந்தார். லீவில் வந்த ராணுவக்காரர் மேல் விழுந்தான். அவர் முறைப்படி குத்தித் திருப்பி அனுப்பினார். மறுபடி செல்லப்பா, மறுபடி உதை, மறுபடி தொந்தி.

அப்போது பால்வண்ணநாதனுக்குப் புரிந்தது. சூடு எலக்ட்ரானைப் பிய்த்து எறிகிறது. நெரிசல் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. வெளியே அலையும் எலக்ட்ரான்களின் அழுத்தத்தை அவன் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"ஏலே, எழுபதுதாம்லே!" என்று அலறினான்.

"எனக்குத் தெரியாதாக்கும்!" என்று செல்லப்பா இன்னொன்று வைத்தான்.

சாயங்காலம் செல்லப்பாவின் கட்டைவிரல் கத்தரிக்காயாக வீங்கியிருந்தது. பென்சில் நிற்கவில்லை.

"போட்டுக்காட்டாமல் எப்படிப்பா?" என்ற பேராசிரியர் மற்றவன் பக்கம் திரும்பினார். "நீ போடு."

பால்வண்ணநாதனுக்கு இப்போது விடை தெரியும். சென்னையும் தெரிந்தது. பல் போன இடத்தை நாக்கால் துழாவினான்.

"அவன் சொல்லட்டும் சார், நான் எழுதுதேன். வெரல ஒடிச்சது நாந்தான்."

செல்லப்பா வரிவரியாகச் சொன்னான். இவன் எழுதினான். பேராசிரியர் பார்த்துவிட்டு, சென்னைக்குச் செல்லப்பா என்றார்.

லாட்ஜ் வாசலில் செல்லப்பாவின் கண் கலங்கியிருந்தது.

"நீ தப்பா எழுதுவன்னுல்லாலே நெனச்சேன்."

"எழுதலல்லா."

"எழுதல," என்ற செல்லப்பா, இடக்கையால் அவன் தாடையில் ஓங்கி ஒன்று விட்டான். "இது வெரலுக்கு."