துரைமார் படி

பதுளை நகரின் நடுவே, வெள்ளைத் துரைமார் தங்குவதற்கென எழுந்த அந்த ஹோட்டலின் முகப்பில் நான்கு பருத்த தூண்களும் அகன்ற கருங்கற்படிகளும் இருந்தன. தேயிலைத் தோட்டங்களை அரசு எடுத்தபின் துரைமார் போய்விட, புவாத் அதை வாங்கிச் சோற்றுக்கடை ஆக்கினார். சந்தைக்கு வரும் தோட்டத்துச் சனங்களை நம்பி முன்கூடத்தில் மேசைகளை இட்டார். கூடமோ வெறிச்சோடிக் கிடந்தது. இந்நிலை நீடித்தால் கடையை மூடுவதன்றி வேறு வழியில்லை.

ஒருநாள் தோட்டத்து ரெங்கசாமிக் கங்காணி பின்வாசல் வழியே, சமையல் நடக்கும் குசினிப் புகைக்குள் குனிந்து வந்து சோறு கேட்டார்.

"முன்வாசல் தொறந்து கெடக்கு கங்காணியார். ஏன் குசினிக்குள்ளால வாறீங்க?"

"அது தொரமாரு படிங்க, மொதலாளி. நாங்க ஏறுனதில்ல."

"அவங்கதான் கப்பல் ஏறிட்டாங்களே."

"அவுங்க போயிட்டாங்க. படி இருக்குல்ல? மத்தவங்களும் பின்னால வந்து பாத்துட்டு, ஒக்கார எடமில்லன்னு வேற கடைக்குப் போயிடுறாங்க."

"அப்ப இந்தத் தூணுக்கு நான் மட்டுந்தான் காவலா?"

"அந்தத் தூணுக்கே சோறு போடுங்க, மொதலாளி."

புவாத் சிரித்துவிட்டார். படியை அவர் இடிக்கவில்லை. அடுத்த வாரமே குசினியை முன்கூடத்துக்கும் மேசைகளைப் பின்கட்டுக்கும் மாற்றினார். துரைமார் நடனமாடிய கூடத்தில் சோற்றுச் சட்டிகள் கொதித்தன. பின்கட்டில் வந்து குவிந்த சனத்துக்கு இலை போட இடம் போதவில்லை.