மாடியில் கேட்ட சொல்

வேல்ராஜுக்கு முதலில் சந்தேகம் வந்தது அந்த வகுப்பின் மீதுதான். அவன் மனைவி சங்கரேஸ்வரி தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜெர்மனியில் வேலைக்குப் போக அந்த ஊர் பாஷை வேண்டும் என்று, குத்துக்கல்வலசையில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் வகுப்பில் சேர்ந்திருந்தாள். ஒரு மாதமாகியும் புத்தகம் என்று எதுவும் வீட்டுக்கு வரவில்லை. இலக்கணத்தை உட்கார்ந்து உருப்போடவும் இல்லை. என்னதான் நடத்துகிறார்கள் என்று கேட்டால், கதை சொல்லுதாங்க என்றாள்.

வேல்ராஜ் போலீசில் ஏட்டு. வெளிநாட்டு வேலை என்று நம்பி ஏமாந்தவர்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுவதை நிறையப் பார்த்தவன். டீச்சர் ஜாஹிரா பீவியைப் பற்றி நாலு பக்கமும் விசாரித்தான். பல வருஷம் ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், யாரும் ஒரு குறை சொன்னதில்லை என்றார்கள். அதற்கு மேல் துருவ அங்கே ஒன்றும் இல்லை.

அதன்பிறகு சந்தேகம் வீட்டுக்குள் வந்தது. ஒரு சாயங்காலம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன சங்கரேஸ்வரி போனில் பேசிக்கொண்டிருந்தாள். படியில் நின்று கேட்ட வேல்ராஜுக்கு ஒரு சொல்லைத் தவிர எதுவும் விளங்கவில்லை. "வாரும்," என்றாள். சிரித்துவிட்டு மறுபடியும் "வாரும்" என்றாள். ஸ்பீக்கரில் மறுமுனையில் பேசியது ஆண்குரல். எவனை இப்படி மரியாதையாகக் கூப்பிடுகிறாள்? கீழே வந்ததும் கேட்டான். கூடப் படிக்கிற குற்றாலீஸ்வரன், கதையைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறோம் என்றாள். அவள் தயங்காமல் சொன்னதே, முன்கூட்டி யோசித்து வைத்த பதில் மாதிரி இருந்தது அவனுக்கு.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வகுப்பு மொத்தத்தையும் ஐந்தருவிக்குக் கூட்டிப் போனார். தண்ணீர், பாறை, குரங்கு என்று கண்ணால் பார்ப்பதைக் கொண்டே அன்றைய கதையாம். வேல்ராஜ் ஹெல்மெட்டைக் கழற்றாமல் பின்னாலேயே போய், ரம்புட்டான் விற்கிற கடைக்குப் பின்புறம் நின்றான். குற்றாலீஸ்வரன் யார் என்று கண்டுபிடிக்க நேரமாகவில்லை. ஒல்லியான பையன், ஆஸ்பத்திரி வேலைதான் அவனுக்கும். அவன் குரங்கு மாதிரி நடித்துக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். சங்கரேஸ்வரியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மட்டும் சாரலில் நனைந்தபடி வேல்ராஜ் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

ஜெர்மனிக்குக் கூட வரவேண்டுமானால் புருஷனுக்கும் கொஞ்சம் பாஷை தெரிந்திருக்க வேண்டுமாமே என்று அந்த வாரமே அவளிடம் சொன்னான். சங்கரேஸ்வரி அவனைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, வாங்க என்றாள்.

வகுப்பில் டீச்சர் ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசவில்லை. போர்டில் ஒரு பெண்ணை வரைந்தார், ஒரு பையை வரைந்தார், பையைப் பறிக்கும் குரங்கை வரைந்தார். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பெண்ணா பறித்தாள், குரங்கா பறித்தது என்று கேட்டார். புரியாமல் போக வழியே இல்லை. பிறகு இரண்டு கையையும் விரித்து, புருவத்தை உயர்த்தி, "வாரும்?" என்றார். பசி என்று ஒருத்தி வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். ஏன் என்பதற்குத்தான் அந்தப் பாஷையில் வாரும் என்று வேல்ராஜுக்கு அப்போது விளங்கியது. மாடிப் படியில் நின்றது ஞாபகம் வந்து காது சூடாயிற்று. ஆனாலும் குற்றாலீஸ்வரன் அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்ததை அவன் பார்க்காமல் இல்லை.

வாரங்கள் போனதில், கதை ஓடுவது தமிழில்லை என்பதே சில நேரம் அவனுக்கு மறந்து போனது. பயத்துக்கு ஆங்ஸ்ட் என்ற சொல், பாம்பைக் கண்டு ஓடிய ஒரு வியாபாரியின் கதையில் தானாக ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் கதையை நீங்களே சொல்லுங்கள் என்று டீச்சர் சங்கரேஸ்வரியை முன்னால் அழைத்தார். அவள் ஒரு பெண்ணை வரைந்தாள். அருவியை வரைந்தாள். பெண்ணுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, தலையில் ஹெல்மெட் வைத்த ஒருவனை வரைந்தாள். பெண் அருவிக்குப் போகிறாள். அவன் பின்னால் போகிறான். பெண் படிக்கப் போகிறாள். அவன் பின்னால் போகிறான். நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். வேல்ராஜுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

"வாரும்?" என்று அவள் வகுப்பைக் கேட்டாள்.

அவன் திருடன் என்றான் குற்றாலீஸ்வரன். பசி என்றாள் வேறொருத்தி. சங்கரேஸ்வரி இல்லை என்று தலையசைத்துவிட்டு வேல்ராஜைப் பார்த்தாள். விஷயம் தெரியாத டீச்சரும் அவன் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

"ஆங்ஸ்ட்," என்றான் வேல்ராஜ்.

அவள் போர்டைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

திரும்பும் வழியில் அவன்தான் பைக்கை ஓரமாக நிறுத்தினான். எப்போது தெரியும் என்று கேட்டான்.

"ரம்புட்டான் கடைக்குப் பின்னால நின்னியளே, அன்னைக்கே தெரியும். வீட்ல கேட்டா சண்டையா முடிஞ்சிருக்கும். அதான் அங்கன வச்சுக் கேட்டேன்." பிறகு அவளே, "இப்பம் சந்தேகம் போயிட்டா?" என்றாள்.

போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. "முழுசாப் போகல," என்றான்.

அவள் கோபப்படவில்லை. அழவும் இல்லை. வண்டியை எடுங்க என்றாள்.

அடுத்த வாரம் அவள் சாயங்கால வகுப்பை விட்டுக் காலை வகுப்புக்கு மாறிக்கொண்டாள். டூட்டி மாறிவிட்டதா என்று ஆஸ்பத்திரியில் விசாரிக்க அவனுக்கு ஆள் இருந்தது. போனைக் கையில் எடுத்தவன், கீழே வைத்துவிட்டு அவளிடமே போய்க் கேட்டான். டூட்டி மாறவில்லை, உங்களை முன்னால் வைத்துக்கொண்டு எனக்குக் கதை வரவில்லை என்று அவள் உள்ளதைச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வேல்ராஜ் தனியாக வகுப்புக்குப் போனான். நுழைந்ததும் முதலில் தேடியது குற்றாலீஸ்வரனைத்தான். அவன் தன் இடத்தில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தான். காலை வகுப்புக்கு அவன் மாறவில்லை. அதைப் பார்த்ததில் வந்த நிம்மதி வேல்ராஜுக்கே பிடிக்கவில்லை. பின்வரிசையில் போய் உட்கார்ந்தான்.