உச்சி மணி வரைக்கும்

மிக்கேலம்மாளுக்கு வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் நாள். பூசை முடிந்ததும் நாத்தனார் யாகப்பம்மாள், குழந்தை பிலோமியைக் கோவில் வாசலில் கொண்டுவந்து விடுவாள். உச்சி மணி அடிக்கும்வரை ஐந்து வயது மகள் அம்மாவோடு இருப்பாள். அடித்ததும் அப்பன் எட்வர்ட் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

ஏன் இந்த ஏற்பாடு என்று கடலோர ஊரான அக்காள்மடத்தில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருசத்துக்கு முன் மிக்கேலம்மாள், கடலுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீருக்குப் போய்விட்டாள். வலை இழுத்தவர்கள் ஓடிப்போய்த் தூக்கினார்கள். அன்றைக்கே எட்வர்ட் அவளை அவள் தம்பி சிலுவைமுத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான். கோவில் உபதேசியார் சவேரியார்தான் பேசிப் பேசி இந்த அரைநாளை வாங்கிக் கொடுத்தார்.

"ஒன் புத்திய நம்பாத தாயி, மணிய நம்பு" என்று அவர் அன்றைக்குச் சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். குரல்கள் இன்னும் கேட்கத்தான் செய்தன. ஆனாலும் மணியின் முதல் அடி கேட்டதும் எழுந்து, பிள்ளையை எட்வர்ட் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவாள். ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு கழிந்ததும் பிள்ளையை ஒரு ராத்திரி அவளோடு தங்கவிடலாம் என்று எட்வர்டே இறங்கி வந்திருந்தான்.

அந்தப் பாஸ்கு ஞாயிறன்று பிள்ளையைக் காரங்காட்டுக் கோவிலுக்குக் கூட்டிப்போக நினைத்தான் எட்வர்ட்.

"ஞாயித்துக்கெழமைக்குப் பதிலா வெள்ளிக்கெழம காலையில வச்சுக்கிறட்டும்" என்றான்.

"நேரம் எப்பிடி மச்சான்?" என்றான் சிலுவைமுத்து.

"எப்பவும்போலதான். உச்சி மணி வரைக்கும்."

உபதேசியாரும் சரியென்றார்.

வெள்ளிக்கிழமை வடகடல் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் நிழலில் அம்மாவும் மகளும் சிப்பி அடுக்கினார்கள். மிக்கேலம்மாள் பேன் பார்த்தாள், சடை பின்னினாள், அவிழ்த்து மறுபடி பின்னினாள். நிழல் வள்ளத்தின் மறுபக்கம் போயிற்று. இவர்களும் நகர்ந்தார்கள்.

"அம்மா, பசிக்குது."

"இன்னைக்குப் பெரிய வெள்ளி தங்கம், ஆண்டவரு செத்த நாளு. ஒருசந்தி இருக்கணும்."

"அத்தை தேடும்மா. போவமா?"

"மணி அடிக்கட்டும்டி."

வெயில் சாய்ந்தது அவளுக்கும் தெரிந்தது. 'போ, போ' என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. கடலுக்குள் கூப்பிட்டதும் இதே குரல்தானே? அவள் அதற்குக் காதுகொடுக்கவில்லை. பிள்ளை அழுது அழுது மடியிலேயே துவண்டுபோனது.

பொழுது இறங்குகிற நேரத்தில்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரைக்கும் ஊரே, பெரிய வெள்ளி என்றும் பாராமல் வள்ளத்தை இறக்கி, அன்றைக்கு அவள் இறங்கிய தென்கடலில் இரண்டு சவங்களைத் தேடிக்கொண்டிருந்தது.

"கொன்னுட்டன்னு நெனச்சேன்டி, பாவி!" எட்வர்ட் பிள்ளையைப் பிடுங்கினான். அதன் உதடு வெடித்திருந்தது. மேல் அனலாய்க் கொதித்தது.

"மணி அடிக்கலையே" என்றாள் மிக்கேலம்மாள்.

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். "அடிக்கலேன்னா அடுத்த வருசம் வரைக்கும் உக்காந்திருப்பா போல!"

சவேரியார் சிரிக்கவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஆண்டவர் பாடுபட்ட துக்கத்துக்காகப் பெரிய வியாழனன்று மணியை அடிக்காமல் கட்டிவைத்தால் பாஸ்கு பூசைக்குத்தான் அவிழ்ப்பார்கள். நடுவில் மரப்பலகையைத் தட்டுவதோடு சரி. அந்தச் சத்தம் கோவில் வாசலைத் தாண்டாது. கட்டியதே அவர் கைதான்.

"எட்வர்டு, தப்பு நம்மளது. இவ சொன்ன சொல்ல மீறலப்பா."

"மறந்தது நாமதான், இல்லேங்கல. காஞ்சது யாரு ஒவதேசியாரே? பிள்ள பசியில துவளுது, பெத்தவளுக்குக் கண்ணு தெரியலையா? அதுக்கும் ஒரு மணி அடிக்கணுமா?"

எட்வர்ட் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"இனிமே வருசத்துல ஒருக்க, கோவில் திருநாளுக்கு. எங்கக்கா பிள்ள கையப் புடிச்சுக்கிட்டு நிக்கும். இவ தள்ளி நின்னு பாத்துட்டுப் போகட்டும்."

"எக்கா, பேசுக்கா! நீ தப்புப் பண்ணலேன்னு சொல்லுக்கா!" சிலுவைமுத்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

மிக்கேலம்மாள் மகளை நோக்கிக் கையை நீட்டினாள். பிலோமி முகத்தை அப்பன் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டது. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எத்தன அடி தள்ளி நிக்கணும்?" என்று கேட்டாள். "இங்கனன்னு ஒரு கோடு போட்டுக் காட்டிருங்க. அதத் தாண்ட மாட்டேன்."

அதற்குள் எட்வர்ட் பிள்ளையோடு வீட்டுக்குப் பாதித் தூரம் போய்விட்டிருந்தான்.