எழுபத்தொரு சதவீதம்

1

தடால்.

கதைக்காகப் போட்ட சத்தம் இல்லை. வாரத் தொடரின் பதினேழாவது அத்தியாயத்தில் ஒருத்தனைக் கொல்வதா, விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் என் அக்கா ஒரு ஃபைலைத் தரையில் அடித்தாள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஓடிப்போய்ப் பார்த்தால், நாற்காலிக்கு அடிவரை தாள்கள்.

"என்னாச்சுக்கா?"

"எழுபத்தொண்ணு."

"பரவாயில்லையே. பாஸ்தானே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

விஷயம் இது. வணிகவியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்கள், எதை ஆராயப்போகிறோம் என்று இருபது பக்கம் எழுதித் தர வேண்டும். பல்கலைக்கழகம் அதைக் கணினியில் போட்டு, பழைய ஆய்வேடுகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும். பத்து சதவீதம் வரை தாங்கும். அக்காவுடையது எழுபத்தொன்று. நேர்முகத் தேர்வில் அந்த அறிக்கையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார்கள். பதினைந்து நாளில் விளக்கம் எழுதித் தரலாம். தராவிட்டால் விண்ணப்பம் ரத்து.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

'நாற்பத்தாறு வயதில் ஒரு பெண் மறுபடி மாணவியாக ஆசைப்பட்டாள்.' வேண்டாம். வாசகரிடம் கையேந்துகிறது.

'ஊரார் பட்டங்களை அடித்து அடித்தே தேய்ந்த அவள் விரல்கள்' (இதை அக்கா படித்தால் வயிறு குலுங்கச் சிரிப்பாள். அடித்துவிட்டேன்.)

மூன்றாவது, நடந்ததை நடந்தபடி: அக்கா இருபது வருடமாக ஒரு தட்டச்சுக் கடையில் ஆய்வேடுகளை அடித்துத் தருகிறாள். எம்.காம்., முதல் வகுப்பு. அதனால் கை சும்மா இருக்காது. முதலில் பிழை திருத்தினாள். அப்புறம் அட்டவணைகளைச் சரிசெய்தாள். அப்புறம் முடிவுரைகள். எட்டு வருடத்துக்கு முன் ஒரு கல்லூரி ஆசிரியைக்கு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தானே எழுதிக் கொடுத்தாள். துணிக்கடைகளில் விற்காமல் தங்கிப்போகும் சரக்கைப் பற்றி. முந்நூற்றுப் பன்னிரண்டு கடைகள். கேள்வித்தாளோடு ஏறி இறங்கியவள் அவள்தான்.*

இப்போது தனக்கென்று விண்ணப்பித்தபோதும் அதே பொருளைத்தான் எடுத்தாள். அந்தக் கடைகளில் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி எட்டு வருடமாக அவளைக் குடைந்துகொண்டிருந்தது. பழைய வரிகளையே தூக்கிப் போட்டாள். தன் வரிகளைத் தானே எடுக்க யாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள். பழையதைப் பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள் என்று கடையில் இத்தனை பேரை எச்சரித்தவள்.

* ஒரு கடைக்காரர், "விக்காததைப் பத்தி இவ்வளவு கேக்கறியே, ஒண்ணையாவது வாங்கிட்டுப் போயேன்மா" என்றாராம். வாங்கி வந்தாள். இரண்டு அளவு பெரிய சாம்பல் நிறச் சட்டை. நான்தான் போட்டுக் கிழித்தேன்.

3

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

அந்த ஆசிரியை இன்று பேராசிரியை. அக்காவின் நேர்முகக் குழுவில் அவரும் இருந்தார். விடுவேனா? 'கண்ணாடிக்குப் பின்னால் ஈரமில்லாத கண்கள்' என்று எழுதி, அக்காவிடம் நீட்டினேன்.

"யாருடா இது?"

"உன் மேடம்."

"அவங்க கண்ணாடியே போடமாட்டாங்க. கெட்டவங்களும் இல்ல. அப்ப அவங்க வயித்துல புள்ள. பட்டம் முடிக்கலன்னா வேலை போயிடும்னு கடையில உக்காந்து அழுதாங்க. நான்தான், எழுதித் தரேன்னு வாய விட்டேன்."

"வில்லி இல்லாம கதை எப்படிக்கா நகரும்?"

"நகர வேண்டாம். கிடக்கட்டும். நான் கிடக்கல?"

4

வார இதழ் ஆசிரியர் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: முடிவு மட்டும் நல்லதாக இருக்கட்டும். முயன்றேன்.

முடிவு அ: மேடம் எழுந்து உண்மையைச் சொல்கிறார். குழுவே கண் கலங்குகிறது. (என் தொடர்களில் இதை இரண்டு முறை பயன்படுத்திவிட்டேன். இரண்டு முறையும் நான் நம்பவில்லை.)

முடிவு ஆ: அக்கா உண்மையை எழுதித் தருகிறாள். மேடத்தின் பட்டம் போகிறது, வேலை போகிறது. காசுக்கு ஆய்வேடு எழுதித் தந்தவள் என்று அக்காவின் விண்ணப்பமும் போகிறது.

முடிவு இ: அடுத்த வருடம் வேறு தலைப்பில் அவள்

முடியவில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பகுதிநேரச் சேர்க்கை இந்த வருடத்தோடு நிற்கிறது. கடையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. என் தொடரை நம்பி யாரும் உலை வைக்க முடியாது.

எப்படி எழுதினாலும் அந்த நேர்முக அறைக்கதவு அவளை வெளியே விட்டுத்தான் சாத்துகிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள். இடம் விடுகிறேன்.

(                                                  )

5

இன்று பதினைந்தாவது நாள். அக்கா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். யாருடைய ஆய்வேடோ, இன்று பைண்டிங்குக்குப் போக வேண்டுமாம்.

"விளக்கத்தை நான் எழுதித் தரேன்க்கா. நீ கையெழுத்து மட்டும் போடு."

"நீயும் எழுதித் தர ஆரம்பிச்சுட்டியா?"

"விளையாடாதக்கா. சாயந்திரம் வரைக்கும்தான் நேரம்."

"விளக்கமெல்லாம் இன்டர்வியூ அன்னைக்கே சொல்லிட்டேன்."

கதையில் நான் எழுதாமல் விட்ட அறை அது. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்டேன்.

"தலைவர் அந்த ரிப்போர்ட்ட மேடம் பக்கம் தள்ளிவிட்டாரு. உங்க ஆய்வேடுதானே, நீங்களே கேளுங்கன்னாரு."

"கேட்டாங்களா?"

"இதை எழுதினது யாருன்னு தெரியுமான்னாங்க. என்னப் பாக்கல. தாளையே பாத்துக்கிட்டிருந்தாங்க."

"நீ என்ன சொன்ன?"

அக்கா செருப்பு வாரை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நீங்கதான் மேடம்னு சொன்னேன்."